காத்திருக்கும் நாட்களில் கலங்காதிருத்தல்

திருக்கோயிலுக்கு வரும் மக்கள் இறைவன் திருமுன் வைக்கும் வேண்டுதல்கள் பலவாகும். மகப்பேறு வேண்டுவோர், மணப்பேறு வேண்டுவோர், மக்களின் கல்விக்கும் வேலைக்கும் வேண்டுவோர் எனப் பலரும் பெயரும் நட்சத்திரமும் கூறி அர்ச்சனை செய்துகொண்டு, மன நிறைவுடன் இல்லம் திரும்புகின்றனர். ஆனால் வாய்விட்டுச் சொல்ல இயலாத வேண்டுதலோடு சந்நிதியில் நிற்கும் மகளிரும் உளர். மார்பகத்தில் கட்டி ஒன்று தென்பட்டு, மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொண்டு, முடிவு தெரியும் நாளை எதிர்நோக்கியிருக்கும் பெண்கள் அத்தகையோர்.

நோய் இல்லை எனத் தெரிந்தால் மனம் ஆறுதல் அடைந்துவிடும். நோய் உண்டு எனத் தெரிந்தாலும் அதற்குரிய மருத்துவம் உண்டு. செல்ல வேண்டிய வழி கண்முன் தெரியும். இரண்டும் தெரியாத இடைப்பட்ட நாட்களே உள்ளத்தை மிகவும் வருத்துவன. அந்த நாட்களைக் கலக்கமின்றிக் கழிக்கும் வழியை அறிந்துகொள்ளுதல், அத்துன்பத்தில் இருப்போர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் பெருந்துணையாகும்.

ஒரு தாயின் எட்டு நாட்கள்

சிற்றூர் ஒன்றில் வாழும் 42 வயதுத் தாய் ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு நாள் குளிக்கும்பொழுது, இடப்பக்க மார்பில் சுண்டைக்காய் அளவில் ஏதோ ஒன்று கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை. வலி இல்லாததால் ஒன்றுமில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள். மகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. கணவரிடம் சொன்னால் அவர் கலங்கிவிடுவார். மாமியாரிடம் சொல்ல நாணம் தடுக்கிறது. இவ்வாறு ஒரு மாதம் கழிகிறது.

திருவிழாவுக்கு வந்த அவளுடைய அண்ணி, அவள் முகவாட்டத்தைக் கண்டு தனியே அழைத்து வினவுகிறாள். "அண்ணி, வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று கூறி அவள் கண்ணீர் விடுகிறாள். "தெரிவிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அம்மா. நாளைக் காலையில் நான் உன்னுடன் வருகிறேன்" என்கிறாள் அண்ணி. மறுநாள் இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்கின்றனர். அங்கிருந்த பெண் மருத்துவர் கையால் சோதித்துப் பார்த்து, அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார். அங்கே மார்பக எக்ஸ்ரே ஆகிய மேமோகிராம் எடுக்கப்படுகிறது, ஸ்கேன் செய்யப்படுகிறது, ஊசியின் வாயிலாகச் சிறிது திசு எடுக்கப்படுகிறது. "எட்டு நாள் கழித்து வாருங்கள்" என்று சீட்டு எழுதித் தருகின்றனர்.

அந்த எட்டு நாட்களிலும் அவளுக்கு உறக்கம் வரவில்லை. நள்ளிரவில் எழுந்து கட்டி பெரிதாகிவிட்டதோ எனத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். கைப்பேசியைத் திறந்து கண்டதையெல்லாம் படித்து மேலும் நடுங்குகிறாள். பால் பொங்கி வழிந்ததற்காக மகளைக் கடுஞ்சொல் சொல்லிவிட்டுப் பின்னர் தனியே அழுகிறாள். விளக்கேற்றி வழிபட அமர்ந்தாலும் மனம் அடங்கவில்லை. "இத்தனை ஆண்டு வழிபட்டும் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போயிற்றே" என்ற எண்ணம் வேறு அவளை வாட்டுகிறது.

அச்சம் பக்திக் குறைவு ஆகாது

அந்தக் கடைசி எண்ணமே முதலில் நீக்கப்பட வேண்டியது. ஆபத்து வரக்கூடும் எனத் தோன்றும்பொழுது நெஞ்சு படபடப்பதும், உறக்கம் கெடுவதும், பசி குறைவதும், எரிச்சல் மிகுவதும் உடலின் இயல்பு. அடியார் பெருமக்களும் உடல் துன்பத்தில் துடித்தனர் என்பதை நம் சமய வரலாறு மறைக்கவில்லை.

சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் திருநாவுக்கரசர் வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கிறது. மருள்நீக்கியார் என்ற பிள்ளைத்திருப்பெயர் உடைய அவர், வேற்றுச் சமயம் சார்ந்து பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு வாழ்ந்திருந்தபொழுது கொடிய சூலை நோய் அவரைப் பற்றியது. அப்பொழுது அவர் செய்த முதற்செயல், தம் துன்பத்தை மறைக்காமல் தமக்கையார் திலகவதியாருக்கு ஆள் அனுப்பித் தெரிவித்ததே ஆகும். பின்னர் இருளோடு இருளாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையின் திருவடிகளில் விழுந்தார். தன்னை விட்டுப் பிரிந்து சென்ற தம்பியே எனினும் திலகவதியார் அவரைக் கடிந்து ஒதுக்கவில்லை. திருநீறு அளித்து, வீரட்டானத்து இறைவன் திருமுன் அவரை அழைத்துச் சென்றார். அங்கே அவர் பதிகம் பாடி நோய் நீங்கப்பெற்றார்.

இவ்வரலாற்றில் இறையருளுக்கு முன்னதாக நிகழ்ந்தது ஒன்று உண்டு. நோயுற்றவர் தம் துன்பத்தை அன்புடைய ஒருவரிடம் சொன்னார். கேட்டவர் கைப்பிடித்து உடன் சென்றார். மேற்கூறிய தாயின் வாழ்விலும் அண்ணியிடம் மனம் திறந்த அந்நாளே விடியலின் தொடக்கமாயிற்று.

நோய் வந்தது பாவத்தின் பயன் என்றும், யாரோ செய்த தீவினை என்றும் சிலர் கூறுவர். அச்சொல்லுக்குச் செவி சாய்த்தல் வேண்டா. ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டைப் புற்றுநோயால் 1886 ஆம் ஆண்டு மகாசமாதி அடைந்தார். பகவான் ரமண மகரிஷியின் இடக்கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்கு 1949 ஆம் ஆண்டு பலமுறை அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. 1950 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று அவர் உடல் நீத்தார். அம்மகான்களின் தூய்மையை ஐயுறுவார் எவரும் இலர். அவர்களும் மருத்துவர்களைத் தம் அருகில் வர இசைந்தனர். உடல் எடுத்தார்க்கெல்லாம் நோய் வருதல் உண்டு; அது ஒருவருடைய ஒழுக்கத்திற்கு அளிக்கப்படும் மதிப்பெண் ஆகாது.

திருக்கோயிலும் மருத்துவமும்

வழிபாடு செய்வோர் மருத்துவமனைக்குச் செல்வது நம்பிக்கைக் குறைவு என்று எண்ணுவதும் பொருந்தாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் கூடும் திருமுக்கூடல் என்னும் தலத்தில் பெருமாள் கோயில் ஒன்று உள்ளது. அங்குள்ள 11 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து நடைபெற்ற ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றிக் கூறுகிறது. ஆதுலர் என்போர் நோயாளிகள். அச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் ஆகியோர்க்கு ஊதியம் வரையறுக்கப்பட்டிருந்தது. இறைவனுக்குத் திருவமுது படைத்த அதே அறக்கட்டளை நோயாளிகளுக்கு மருந்தும் அளித்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

புள்ளிருக்குவேளூர் எனப்படும் வைத்தீசுவரன் கோயிலில் இறைவன் மருத்துவனாகவே எழுந்தருளியிருக்கிறான். அவ்வாறு மருத்துவனாக வந்த இறைவனுடன் அம்மை தையல்நாயகி தைலப் பாத்திரம் ஏந்தி உடன் வந்தாள் என்பது அத்தலத்தின் வரலாறு. தீராத நோய் தீர்க்கும் இறைவனும் துணையுடனேயே வந்தான் என்றால், நோய்க்கு அஞ்சும் பெண் ஒருத்தி தனியே மருத்துவமனைப் படியேறுதல் தகுமோ?

கட்டிகள் யாவும் புற்றுநோய் அல்ல

அறியாமை அச்சத்தை வளர்க்கும். தெளிந்த அறிவு அதன் அளவைக் குறைக்கும். மார்பகத்தில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பான்மையானவை புற்றுநோய் அல்ல. இளம் பெண்களுக்கு வழுக்கி நகரும் தன்மையுள்ள நார்த்திசுக் கட்டிகள் உண்டாவது மிகுதி. நடுவயதினர்க்கு நீர்க்கட்டிகள் தோன்றுதல் இயல்பு. பாலூட்டும் தாய்மார்க்குப் பால் கட்டிக்கொள்வதாலும் சீழ் பிடிப்பதாலும் கட்டி உண்டாகலாம். மாதவிலக்கிற்கு முன்னர் மார்பகம் கனத்து, முடிச்சு முடிச்சாகத் தோன்றி, பின்னர் தணிவதும் உண்டு.

எனினும் இன்ன கட்டி இன்னது எனக் கையால் தடவிப் பார்த்து வீட்டிலேயே முடிவு செய்ய இயலாது. வலி இல்லை என்பதும் உறுதி தரும் அடையாளம் ஆகாது. மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இல்லாமலேயே இருக்கும். மார்பின் தோல் குழிந்திருத்தல், ஆரஞ்சுப் பழத் தோல்போல் தடித்தல், காம்பு புதிதாக உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து குருதி கலந்த நீர் கசிதல், அக்குளில் கட்டி தோன்றுதல் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் காலம் தாழ்த்தாது மருத்துவரைக் காணுதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டில் உலக அளவில் சுமார் 23 லட்சம் மகளிர்க்கு இந்நோய் கண்டறியப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. இந்நோய்க்கு ஆளானோர் தனித்து ஒதுக்கப்பட வேண்டியவரும் அல்லர். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயும் அன்று.

தமிழகத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது நிறைந்த மகளிர்க்கு மார்பகப் பரிசோதனை செய்யப்பட்டு வருகிறது. மேற்கொண்டு சோதனை தேவைப்படுவோர் பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுகின்றனர்.

முடிவு வரத் தாமதம் ஏன்?

மருத்துவர் கையால் சோதிப்பதும், மேமோகிராம் அல்லது ஸ்கேன் செய்வதும், ஊசியால் திசு எடுத்து ஆராய்வதும் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் சோதனைகள். மேமோகிராம் எடுக்கும்பொழுது மார்பகம் இரு தட்டுகளுக்கிடையே சில வினாடிகள் அழுத்தப்படும்; அவ்வழுத்தம் சிறிது வருத்தினும் தீங்கு தராது. அன்று மார்பிலும் அக்குளிலும் மாவுப் பொருள்களோ நறுமணப் பூச்சுகளோ பூசாதிருத்தல் வேண்டும். அவை படத்தில் புள்ளிகளாகத் தோன்றி மயக்கம் தரக்கூடும்.

எடுக்கப்பட்ட திசு, மருந்து நீரில் பதப்படுத்தப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, மிக மெல்லிய ஏடுகளாகச் சீவப்பட்டு, சாயம் ஏற்றப்பட்டு, அதற்கெனப் பயின்ற மருத்துவரால் நுண்ணோக்கியின் வழியாக ஆராயப்படுகிறது. ஐயம் எழுந்தால் மேலும் சில சோதனைகள் செய்யப்படும். இவற்றிற்கெல்லாம் நாட்கள் ஆவது இயல்பே. சொன்ன நாளில் முடிவு வரவில்லை என்பதைக் கெட்ட செய்திக்கு அறிகுறியாகக் கொள்ளுதல் கூடாது.

ஊசி பட்டாலோ கத்தி பட்டாலோ நோய் உடல் முழுவதும் பரவிவிடும் என்னும் அச்சம் ஊர்தோறும் உண்டு. இவ்வச்சத்தால் சோதனையை மறுத்துப் பல மாதங்களை இழந்தோர் பலர். நோய் எது எனத் துணிவதற்கு ஊசிச் சோதனை இன்றியமையாதது. அதற்கு அஞ்சி விலகுவதே கேடு விளைவிக்கும். அவ்வாறே, முடிவுக்காகக் காத்திருக்கும் ஓரிரு வாரங்களில் நோய் கைமீறிப் போய்விடும் என்று நடுங்க வேண்டுவதில்லை. அஞ்சத்தக்கது, சோதனையே செய்துகொள்ளாமல் மாதக்கணக்கில் மறைத்து வைக்கும் தாமதமே ஆகும்.

காத்திருக்கும் நாட்களில் செய்யத்தக்கவை

1. தம் கையில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரித்து அறிதல் வேண்டும். முடிவு வாங்கும் நாளைக் குறித்து வைத்தல், சீட்டுகளை ஒரு பையில் சேர்த்து வைத்தல், உடன் வருவோரை முடிவு செய்தல் ஆகியவை கையில் உள்ளவை. நுண்ணோக்கியில் என்ன தெரியும் என்பது கையில் இல்லாதது. முன்னதைச் செய்து முடித்து, பின்னதை இறைவன் திருவடியில் வைத்தலே சரணாகதியின் பொருளாகும்.

2. நம்பத்தக்க ஒருவரிடமேனும் மனம் திறந்து கூறுதல் வேண்டும். ஊராரிடம் கூற வேண்டிய கடமை இல்லை. கணவர், உடன்பிறந்தார், தாய், தோழி ஆகியோருள் பொறுமையுடன் கேட்பவர் ஒருவர் போதும்.

3. கவலைக்கென ஒரு நேரம் ஒதுக்குதல் பயன் தரும். மாலையில் அரை மணி நேரம் அமர்ந்து, அஞ்சுவன யாவற்றையும் ஒரு தாளில் எழுதலாம். அவற்றுள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்களைத் தனியே குறித்துக்கொள்ளலாம். பிற வேளைகளில் கவலை எழுந்தால், மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என அதனைத் தள்ளி வைத்துப் பழகுதல் நலம்.

4. நெஞ்சு படபடக்கும்பொழுது, நான்கு எண்ணும் அளவு மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் அளவு மெல்ல வெளிவிடுதல் வேண்டும். அவரவர் வழிபடு தெய்வத்தின் திருநாமத்தை அம்மூச்சோடு இணைத்து உச்சரிக்கலாம். சில நிமிடங்களில் உடல் தணிவதை உணரலாம்.

5. வழக்கமான கடமைகளை விடாது செய்தல் வேண்டும். சமைத்தல், கோலமிடுதல், பூத்தொடுத்தல், திருக்கோயிலை வலம் வருதல் போன்ற கையும் காலும் இயங்கும் செயல்கள் மனத்தைத் தரையில் நிறுத்துவன.

6. கட்டியை அடிக்கடி அழுத்திப் பார்த்தல் கூடாது. அதனால் வலி உண்டாகி அச்சமே மிகும். பச்சிலை வைத்துக் கட்டுதல், சூடு போடுதல் முதலியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். ஊசி குத்திய இடத்தில் சிறிது கன்றிப்போதல் இயல்பு. குருதி நில்லாது கசிந்தாலோ, வீக்கமும் காய்ச்சலும் உண்டானாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

7. கடும் நோன்புகளை இந்நாட்களில் மேற்கொள்ளற்க. நீரிழிவு நோய் உடையோர் பட்டினி இருத்தல் ஆபத்தாகும். அங்கப்பிரதட்சிணம் போன்ற நேர்த்திக்கடன்களை ஊசிப்புண் ஆறிய பின்னர்ச் செய்யலாம். பக்தர் உடல் நலிவதை எத்தெய்வமும் வேண்டுவதில்லை.

8. நள்ளிரவில் கைப்பேசியில் நோய்ச் செய்திகளைத் தேடுதல் உறக்கத்தையும் தெளிவையும் ஒருங்கே கெடுக்கும். ஐயங்களுக்குத் தமிழக அரசின் 104 என்னும் மருத்துவ ஆலோசனை எண்ணை அழைக்கலாம். மனத்துயர் தாங்க இயலாத அளவு மிகுந்தால் 14416 என்னும் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

உடனிருப்போர் கடமை

"ஒன்றும் இருக்காது, சும்மா இரு" என்று கூறி வாயடைத்தல் ஆறுதல் ஆகாது. அவள் அஞ்சுவதைச் சொல்லவும் இடமில்லாமற் போகும். இன்னாருக்கு இப்படி வந்து இவ்வாறாயிற்று எனக் கதை கூறுவதும் கொடிது. "உன் அச்சம் எனக்குப் புரிகிறது; அன்றைக்கு நானும் வருகிறேன்" என்னும் சொல்லே போதுமானது. கணவர் அடுப்படி வேலையில் ஒன்றை ஏற்றுக்கொள்ளுதலும், மாமியார் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுதலும் ஆயிரம் ஆறுதல் மொழிகளுக்கு ஈடாகும். முடிவைக் கேட்கும்பொழுது கலக்கத்தால் பாதிச் சொற்கள் காதில் விழாமற் போகக்கூடும். ஆதலின் உடன் செல்வோர் மருத்துவர் கூறுவதைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

தமிழகத்தின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தோடு நின்றுவிடாமல், 1954 ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமாக விளங்கினார். ஓர் உடன்பிறப்பின் கண்ணீர், முன்பின் அறியாத எத்தனையோ குடும்பங்களின் கண்ணீரைத் துடைக்கும் நிலையமாக வளர்ந்தது. உடனிருப்போரின் அன்பு செயலாக மாறும்பொழுது அதற்கு எல்லை இல்லை.

முடிவு தெரியும் நாள்

எட்டாம் நாள் காலையில் அத்தாய் எழுந்து நீராடி, தெருக்கோடியில் உள்ள அம்மன் சந்நிதிக்குச் செல்கிறாள். முதல் நாள் அவள் வேண்டியது, "தாயே, எனக்கு ஒன்றும் இருக்கக் கூடாது" என்பதே. இன்று அவ்வேண்டுதலோடு மற்றொன்றும் சேர்ந்துகொள்கிறது. "எதுவாயினும் கேட்கும் வலிமையைத் தா. கேட்டபின் செய்ய வேண்டியதைச் செய்யும் தெளிவைத் தா" என்று வேண்டுகிறாள். குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்திற்கு வருகிறாள். அண்ணி முன்னரே அங்கு வந்து காத்திருக்கிறாள். கணவரும் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, சீட்டுகள் அடங்கிய பையுடன் நிற்கிறார். மூன்றாம் நாள் இரவு அவள் அவரிடம் கூறிவிட்டிருந்தாள். அவர் கலங்கினார் என்பது உண்மையே. ஆயினும் அன்றிரவுதான் அவள் சற்று உறங்கினாள்.

புற்றுநோய் இல்லை என முடிவு வருமாயின், இறைவனுக்கு நன்றி கூறுவதோடு, மருத்துவர் குறித்த நாளில் மறுபடியும் சென்று காட்டுதல் வேண்டும். நோய் உண்டு என வருமாயினும் கதவு அடைபட்டதாகக் கருதற்க. தொடக்க நிலையில் கண்டறியப்படும் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலோர்க்குக் குணமாகிறது. மார்பகத்தை முழுவதும் அகற்றாமலே கட்டியை மட்டும் நீக்கும் அறுவை மருத்துவமும் பலருக்கு இயலும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் மருத்துவமும் அடங்கும். அன்று தொடங்கும் பயணத்திற்கும் அதே அண்ணியும், அதே கணவரும், அதே அம்மனும் துணை நிற்பர்.

சந்நிதியில் அருகருகே நின்று கைகூப்புவோர் ஒருவர் நெஞ்சின் சுமையை மற்றவர் அறியார். இதனைப் படிக்கும் மகளிருள் எவரேனும் இத்தகைய கட்டியை எவரிடமும் கூறாமல் மறைத்து வைத்திருப்பாராயின், இன்றைய வழிபாட்டின் பயனாக இல்லம் திரும்பியதும் ஒருவரிடம் கூறுவாராக. கேட்பவர் உடன் எழுந்து புறப்படுவாராக. தைலப் பாத்திரம் ஏந்திய அன்னை அவ்விருவர்க்கும் வழித்துணையாக நின்று அருள்புரிவாளாக!